பாதிக் கைதட்டு

பத்தொம்பது கிலோம்மா. பத்து மாசத்துக்கு. சிரிப்பு வந்தா சிரிச்சுடு, அடக்காத, நம்மள மாதிரி வயித்துல தையல் போட்டவங்க சிரிப்பை அடக்கினாத்தான் வலிக்கும். நீ ஒண்ணும் முதல் ஆள் இல்ல. உள்ள ஹால்ல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் சிரிச்சவங்கதான். இங்க என் பேரே பாசஞ்சர். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குமாம், எப்பக் கெளம்பும்னு டிரைவருக்கே தெரியாதாம். பேரு வச்சது அந்த வாத்தியார், நீலச் சட்டை போட்டுக்கிட்டு முன்னாடி உக்காந்திருக்காரே, அவரு. வச்சுட்டுப் போறார். பேரு வச்சதுக்காவது என்னை ஞாபகம் வச்சிருக்காரே.

உக்காரேன், ஏன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறே. கூட்டம் ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரமாவது ஆகும், எடை மெஷினையே இப்பத்தான் உருட்டிக்கிட்டு வர்றாங்க. உள்ள முன்வரிசையில பையப் போட்டு இடம் பிடிச்சிருக்கிறது உங்கம்மாவா? கையில போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒத்திகை பாத்துக்கிட்டு இருக்காங்களே? படம் எடுக்கவா? எடுக்கட்டும், எடுக்கட்டும். பெத்தவளுக்கு ஆசை இருக்காதா. உனக்கு எவ்ளோ குறைஞ்சிருக்கு?

அடேங்கப்பா. ஏழு வாரத்துலயா? இருபத்தொண்ணா? அப்ப இன்னிக்கு ஹாலு உன்னோடதுதான்.

கைதட்டு விஷயம் தெரியாதா? முதல் கூட்டமா உனக்கு, சரிதான். இங்க ஒரு வழக்கம் இருக்கும்மா. மாசத்துக்கு ஒரு நாள், எடை குறைய வயித்தைச் சுருக்கி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க எல்லாரும் கூடுவோம்ல, ஒவ்வொருத்தரா மேல ஏறணும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எத்தனை கிலோ வித்தியாசம்னு டயட் மேடம் மைக்குல சொல்வாங்க. எத்தனை கிலோவோ அத்தனை தட்டு. எட்டுன்னா எட்டு. எல்லாரும் சேந்து வாய்விட்டு எண்ணிக்கிட்டே தட்டுவாங்க. உனக்கு இருபத்தொண்ணு தட்டி முடிக்கிறதுக்குள்ள கை செவந்துடும் எங்களுக்கு.

எனக்குப் போன மாசம் அரைக் கிலோ. அரைக்கு எப்படித் தட்டுறதுன்னு எல்லாரும் முழிக்கிறாங்க. வாத்தியார் என்ன பண்ணார் தெரியுமா, எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையையும் கிட்டக் கிட்டக் கொண்டாந்து, நடுவுலயே நிறுத்திட்டார். பாதிக் கைதட்டாம். ஹாலே குலுங்குச்சு. நானும்தான் சிரிச்சேன், பொய் சொல்லல, நல்லாத்தான் பண்ணார் மனுஷன். அப்புறம் பாத்ரூமுக்குப் போயி அழுதேன். அதையும் ஏன் மறைக்கணும்? அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு, திரும்ப வந்து அவர் பக்கத்துலயே உக்காந்தேன். எந்திரிச்சு ஓடிடுவேன்னு நெனச்சாங்க போல. நான் எதுக்கு ஓடணும்? ஓடுற உடம்பா இது?

என்னம்மா? கேளு, தயங்காத. திருட்டுத்தனமா எதாவது சாப்பிடுறேனான்னுதானே? எல்லாருக்கும் அந்தச் சந்தேகம்தான். எங்க வீட்டுக்காரர் கேக்கவே இல்ல, அதைவிட மோசம், ஃப்ரிட்ஜுல முட்டைய எண்ணி வச்சார். ராத்திரி ஆறு, காலையில அஞ்சு. என்னை ஒரு பார்வை பாத்தார் பாரு, கொலை பண்ணவளைப் பாக்குற மாதிரி. அப்ப எங்க மாமியார் உள்ள இருந்து வர்றாங்க, நான்தான்டா தின்னேன், பெத்த தாய் ஒரு முட்டை திங்கக் கூடாதான்னு. இருபத்தாறு வருஷத்துல அந்தம்மாவும் நானும் ஒரே கட்சியில நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான்.

நான் சாப்பிடுறதை நீ பாக்கணும். ஒரு அவிச்ச முட்டைய நான் மென்னு முடிக்கிறதுக்குள்ள சீரியல்ல ரெண்டு பேரு பிரிஞ்சு திரும்பச் சேந்துடுவாங்க. மாத்திரை ஒண்ணு விடாமப் போடுறேன். நடக்குறேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. தைராய்டு இருக்கு, வயசு நாப்பத்தெட்டு, மாசக் கணக்கு நிக்கிற நேரம், முப்பது வருஷமா ஏத்தின சதை. டாக்டர் நல்ல மனுஷன், அவரு மட்டும்தான் திட்டல. உங்க உடம்பு ரொம்பக் கெட்டிக்கார உடம்பும்மா, எதோ பஞ்சம் வந்துடுச்சுன்னு நெனச்சு இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்குதுன்னார். அப்படி எனக்காகப் பாடுபடுற உடம்பை நான் எதுக்கும்மா கோவிச்சுக்கணும்? ஊர்ல வேற யாரு எனக்காக இவ்ளோ மெனக்கெடுறா?

இப்ப வீட்டுல எல்லாரும் கூடிப் பேசிட்டாங்க, ரெண்டாவது ஆபரேஷன் பண்ணிடலாம்னு. எங்க அண்ணி நாள் கூடப் பாத்துட்டாங்க. வயிறு என்னோடது, நாள் அவங்க பாக்குறாங்க. முடியாதுன்னுட்டேன். இன்னிக்கு டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொல்லப் போறேன். நான் இறங்குறேன், மெதுவா இறங்குறேன், யாருக்கு என்ன அவசரம்?

தண்ணி குடிக்கிறியா? கொஞ்சம் கொஞ்சமா. நுனி நாக்குல நனை.

எனக்கு வேலையா? எடை மேடை. லாரி எல்லாம் வந்து ஏறுமே, ரோட்டோரமா பெரிய இரும்புத் தட்டு பதிச்சு, பக்கத்துல ஒரு கூண்டு மாதிரி ரூம் இருக்கும், பாத்திருப்பே. அந்தக் கூண்டுல இருக்கிறது நான்தான். காலி லாரி ஏறும், எடை போட்டுச் சீட்டு குடுப்பேன். சரக்கு ஏத்திக்கிட்டு வந்து திரும்ப ஏறும், அதையும் போட்டுக் கழிச்சா சரக்கோட எடை. பத்தொம்பது வருஷமா இதான். உலகத்துலயே எடையப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கிற தகுதி யாருக்கும் கிடையாதும்மா, வாத்தியாரா இருந்தாலும் சரி.

அந்தக் கூண்டுக்கு ஏற பதினோரு படி. ஆபரேஷனுக்கு முன்னாடி அஞ்சாவது படியில நின்னு கைப்பிடியத் துடைக்கிற மாதிரி நடிப்பேன். மூச்சு வாங்குறது டிரைவருங்களுக்குத் தெரியக் கூடாதுல்ல. அந்த ஒரு இடத்துல மட்டும் கைப்பிடி பளபளன்னு இருக்கும். இப்ப ஒரே மூச்சுல ஏறுறேன். சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டாங்க. என் ஷூ கயித்தை நானே கட்டுறேன், எத்தனை வருஷம் கழிச்சுன்னு நெனைக்கிறே? முதல் நாள் கட்டிட்டு நிமிர மனசே வரல, அவுத்து அவுத்துக் கட்டுனேன். இதுக்கெல்லாம் யாரும் தட்ட மாட்டாங்க. மைக்குல சொல்ல முடியாத சமாச்சாரம்.

ஒண்ணு சொல்றேன் கேளு, சிரிப்பே. எங்க மெஷின் இருபது இருபது கிலோவாத்தான் காட்டும், நடுவுல இருக்கிறதைக் காட்டாது. லாரிக்கு அது போதும்ல. ஒரு நாள் மத்தியானம், மேடை காலியா இருந்துச்சு, போயி நின்னேன். மேல கூண்டு ஜன்னல்ல எரியுற எண்ணை நிமிந்து பாத்தா நூத்தி இருபது. அடுத்த வாரம் அதே மாதிரி போயி நிக்கிறேன், நூறுன்னு காட்டுது! ஒரு வாரத்துல இருபது கிலோ! மணல் லாரிக்காரன் ஒருத்தன் கூண்டு வாசல்ல நின்னு பாத்துட்டு, அக்கா, சீட்டு போட்டுத் தரட்டுமான்னான். போடுடான்னேன். ஒட்டி வச்சிருக்கேன் வீட்டுல, ஃப்ரிட்ஜு மேல. முட்டைய எண்ணுனவரு தினமும் பாக்கட்டும்னு.

ஏம்மா, தண்ணி கூடவா தங்கல?

ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்னு யாரு சொன்னா? முதல் ரெண்டு வாரம் இருக்கும், சரி. இப்ப ஏழு ஆச்சே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அப்ப மாத்திரை? அதுவும் வெளியில வந்துடுதா. எப்பலேருந்து? டாக்டர் வரச் சொன்ன தேதியில போனியா? ம். இன்னிக்கு எப்படியும் கூட்டத்துக்கு வர்றோமேன்னு. ம்.

போ, போயிட்டு வா. பைய நான் பாத்துக்கறேன். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போ.

வந்துட்டியா. உக்காரு. வாயைத் துடைச்சுக்கோ, இந்தா.

இல்ல, உள்ள கூப்பிடல இன்னும். மைக்கை சரி பண்றாங்க. நான் ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தேனே. ஆங், லாரி. எங்க மேடைக்கு ஒரு லாரி வந்துச்சும்மா, பொறப்பட்ட எடத்துச் சீட்டுல பதினாலு டன்னு இருக்கு. என் மேடையில பதிமூணு கூட வரல. டிரைவர் சின்னப் பையன், சந்தோஷமா பல்லைக் காட்டுறான், எடை கம்மின்னா நல்லதுதானேக்கான்னு. எடை குறைஞ்சு வந்தா நாங்க கைதட்ட மாட்டோம்மா. எறங்கிப் போயி அடியில குனிஞ்சு பாப்போம். எங்க ஒழுகுதுன்னு.

உன் செருப்பு எங்கம்மா?

கால்ல. இடது கால்ல. குனிஞ்சு பாரு. ஒரு கால்லதானே இருக்கு? அங்க கெடக்கு பாரு, பாத்ரூம் கதவுகிட்ட. நீ அங்கிருந்து இது வரைக்கும் வெறுங்காலோட நடந்து வந்தே. தரை ஜில்லுன்னு இருக்கு, ஈரம் வேற. தெரியவே இல்லையா?

லூசாயிடுச்சா. மெலிஞ்சதுல காலும் சின்னதாயிடுச்சா.

அதேதான். அதே வார்த்தைதான்.

உக்காரும்மா, நான் போயி எடுத்துட்டு வரேன், நீ எந்திரிக்காத. உக்காருன்னேன்ல.

இந்தா. இல்ல, இப்பப் போட வேணாம், காலை இப்படி நீட்டு, என் மடியில வை. வெக்கமெல்லாம் படாத, என் பொண்ணு வயசு உனக்கு. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே டாக்டர்கிட்ட, அடுத்தடுத்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டோம். பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. நான் பாசஞ்சர்னா அவ எக்ஸ்பிரஸ். அதுவும் வாத்தியார் வச்ச பேருதான். மூணாவது மாசம் அவளுக்கு முப்பத்தொண்ணு, எனக்கு எட்டு. எங்க குடும்பத்துல அவதான் ராணி. பழைய துணியெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறா, கண்ணாடியை விட்டு நகர மாட்டா. எனக்கு வயித்தெரிச்சல்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். கூடப் பொறந்தவளா இருந்தா என்ன, எரியத்தான் செய்யும்.

ஒரு நாள் எல்லாரும் எங்க வீட்டுல சாப்பிட உக்காந்திருந்தோம். அவ தட்டைத் தள்ளித் தள்ளி வச்சு, பாத்ரூமுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தா. இவ சாப்பிடுறதே இல்ல, எதுவும் தங்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்கன்னு சொன்னேன். எங்க அண்ணி எல்லார் முன்னாடியும் சொன்னாங்க, உனக்கு இறங்கலைன்னா அவமேல ஏன் பொறாமைப்படுறேன்னு. எல்லாரும் அவங்கவங்க தட்டைப் பாத்துச் சாப்பிட்டாங்க. என் தங்கச்சி கூடக் குனிஞ்சுக்கிட்டா. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதுன்னு. எனக்கும் ரோஷம் இருக்குல்ல.

அதுக்கப்புறம் ஒரு மத்தியானம் வந்தா. ஒரு செருப்பு மாடிப்படியிலயே கழண்டு கெடக்கு. ஒத்தைக் கால் செருப்போட வீட்டுக்குள்ளயே வந்து நிக்கிறா, அவளுக்குத் தெரியல. காலு கூட இளைச்சுடுச்சு பாருங்கன்னு அண்ணி கைதட்டிச் சிரிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார், அவளும் சிரிக்கிறா. சின்ன சைஸ் வாங்கணும்னு பேசிக்கிறாங்க. நான் அவ பக்கத்துல தரையில உக்காந்திருந்தேன். வெளையாட்டா அவ சுண்டுவிரலை ஒரு கிள்ளு கிள்ளினேன். நகம் பதிய. அவ திரும்பிக்கூடப் பாக்கல, பேசிக்கிட்டே இருக்கா.

எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டாக்டர் பாஷையில என்னன்னு தெரியாது, ஆனா எதோ ஒழுகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. பொறாமைக்காரின்னு திரும்பவும் சொல்வாங்களேன்னு பேசாம இருந்தேன்.

பதினோரு நாளும்மா.

பன்னெண்டாவது நாள் பாத்ரூம்ல விழுந்துட்டா. கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னா, அப்புறம் என்னென்னவோ பேச ஆரம்பிச்சுட்டா. எதுவும் தங்காம ஒரு வைட்டமின் சுத்தமாத் தீந்துபோச்சாம் உடம்புல, காலு மரத்ததும் அதனாலதானாம். அவ்ளோதான் வியாதி. ஒரு வைட்டமின். பத்து நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ஊசியிலயே சரியாயிருக்கும்னார் டாக்டர். அவருக்குத் தெரியாது, என்கிட்ட பதினோரு நாள் இருந்துச்சுன்னு. யாருக்கும் தெரியாது. உன்கிட்டத்தான் சொல்றேன்.

உசுரோட இருக்கா. எங்க வீட்டுலதான் இருக்கா. கட்டில்லேருந்து நாற்காலி, நாற்காலியிலேருந்து கட்டில். நான்தான் ஊட்டுறேன். பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, நேத்து நடந்தது நிக்க மாட்டேங்குது. தினமும் காலையில என்னைப் பாத்துக் கேக்குறா, அக்கா, உனக்கு எவ்ளோ குறைஞ்சுதுன்னு. பத்தொம்பதுன்னு சொல்வேன். பரவால்லையேக்கான்னு அப்படியே மூஞ்சி மலர்ந்துபோகும் அவளுக்கு. தினமும் புதுசாக் கேக்குறா, தினமும் சந்தோஷப்படுறா. இந்த உலகத்துல என் பத்தொம்பதுக்கு முழுசா சந்தோஷப்படுறது அவ ஒருத்திதான்.

நான் எதுக்கு மாசாமாசம் இங்க வர்றேன்னு நெனைக்கிறே? அரைக் கிலோவுக்குப் பாதிக் கைதட்டு வாங்கவா? உள்ள ஏசி இருக்கு, மெத்தை நாற்காலி இருக்கு. நான் இந்த மர பெஞ்சுல, பாத்ரூம் கதவுக்கு எதிரக்க உக்காந்து, போறவங்க வர்றவங்க காலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஏழு மாசமா. வாத்தியாருக்கு இது தெரியாது, பாசஞ்சர் வெக்கப்பட்டு வெளியில உக்காந்திருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியறார்.

நீ காலை என் மடியில வச்சதுலேருந்து நான் அதைக் கிள்ளிக்கிட்டு இருக்கேன். இங்க பாரு, நகம் பதிஞ்ச அச்சு. நாலு இடத்துல.

அழாத. அழுறதுக்கு இப்ப நேரமில்ல, தண்ணியும் இல்ல உன் உடம்புல.

கேக்குதா, கூப்பிடுறாங்க. உன்னைத்தான். இல்ல, போகக் கூடாது. அஞ்சு நிமிஷம்னாலும் கூடாது, ஏறி இறங்கிட்டு வந்துடுறேன்னாலும் கூடாது. இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்த மெஷின் மேல எப்படி ஏறுவே? அவசரப் பிரிவு அந்தக் கோடியிலதான் இருக்கு, நாப்பது அடி. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். என்னைத் திட்டுவாங்களா, திட்டட்டும். எம்பொண்ணு இருபத்தொண்ணு வாங்கப் போறது பொறுக்காம இழுத்துக்கிட்டுப் போயிட்டான்னு சொல்வாங்களா, சொல்லட்டும், நீயும் சொல்லிக்கோ. ஆமா, பொறாமைக்காரிதான். இந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குற மாதிரி கத்திச் சொல்லு, நான் உன் கையை விடப் போறதில்ல.

ஐயா, தம்பி, அந்த வீல்சேரை இப்படித் தள்ளிவிடுப்பா. யாருக்கோ எடுத்து வச்சிருக்கியா? பரவால்ல, அவங்களுக்கு வேற எடுத்துக்கோ.

சரி, அது வேணாம், அவன் ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள நாம போயிடலாம். எந்திரி. செருப்பு கெடக்கட்டும். உன் கையை என் தோள் மேல போடு. இப்படி இல்ல, முழுசா. பயப்படாம நல்லா சாஞ்சுக்கோம்மா. நூத்தி ஒம்பது கிலோ இருக்கேன், நான் விழ மாட்டேன்.